அந்த ஸ்லைடு கிட்டார் மெக்டெலுடையது அல்ல

ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் ராக் இசைக்குழு வாசித்த ‘ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்’, ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் வில்லி மெக்டெலின் பழைய இசைத்தட்டின் அப்பட்டமான நகல் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாடல் மெக்டெலுடையதுதான், 1928இல் பதிவானது. ஆனால் அந்தப் பதிவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் இல்லை, ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிக்கும் முறை) இல்லை. ஒற்றை மனிதர், பன்னிரண்டு கம்பி கிட்டார், விரல்கள் மீட்டும் துள்ளலான நடை, அவ்வளவுதான்.

1971 மார்ச்சில் நியூயார்க்கின் அந்த அரங்கில் ஒலித்த இசை வடிவம் தாஜ் மஹால் என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகரிடமிருந்து வந்தது. 1968இல் வெளியான அவருடைய முதல் ஆல்பத்தில் இதே பாடல் முழு இசைக்குழுவோடு இருக்கிறது. அதில் ஸ்லைடு வாசித்தவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ். அதைக் கேட்டுத்தான் ஆல்மன் பிரதர்ஸின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் ஸ்லைடு பழகினார், மாத்திரைப் புட்டி ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு! மேடையில் அவர் அதைக் கூர்மையாக்கி, வேறொரு வேகத்துக்குக் கொண்டுபோனார். அந்தத் தொடக்க வரி இன்றும் எனக்குச் சிலிர்ப்பூட்டுகிறது.

‘நகல்’ என்று சொல்லும்போது டேவிஸின் பெயர் முற்றிலும் மறைந்துபோகிறது. அதுதான் எனக்கு வருத்தம். உங்கள் பதிவில் அவர் பெயரையும் தாஜ் மஹால் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.