சந்தையும் பங்கும்

சந்தை வளர வளர மனிதர்கள் சுயநலக்காரர்களாகிவிடுகிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறது. எனக்கு இது ஒப்பவில்லை. மானிடவியலாளர்கள் 15 சிறு சமூகங்களில் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, யாரென்று சொல்லப்படாத இன்னொருவருக்குப் பங்கு தரச் சொல்வார்கள். பங்கு போதாது என்று அவர் மறுத்தால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. பொதுவாக, சந்தையோடு அதிகம் பழகிய சமூகங்களில்தான் கை தாராளமாக இருந்தது. பெருவில் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்குதான் தந்தார்கள்.

சரி, சந்தை மட்டும்தான் காரணமா? இந்தோனேசியாவின் லமலேரா மக்களைப் பாருங்கள், சராசரியாகப் பாதிக்கும் மேலேயே தந்தார்கள். கூட்டாகப் படகேறித் திமிங்கில வேட்டைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஈட்டி எறிபவர், படகோட்டிகள், கரையிலிருக்கும் தச்சர், கொல்லர் என எல்லோருக்கும் இறைச்சியில் பங்கு உண்டு, அது முன்கூட்டியே வழக்கத்தில் முடிவானது. வேலையைப் பிரிக்கும்போதே பலனையும் பிரித்துவிடுகிறார்கள். இன்று ஒரே பொருளைச் செய்யும் ஆயிரம் பேரில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. கட்டுரையாளர் அடுத்து இதைப் பற்றி எழுத வேண்டும்.