சந்தாப் பாட்டு ஐபாடில் ஏறாது: பட்டியலை வெளியே எடுங்கள், பாட்டைத் தனியாக வாங்குங்கள்

பழைய ஐபாடையோ சான்சா கிளிப் போன்ற எம்பி3 பிளேயரையோ டிராயரிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்ட கையோடு எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: "ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்து வைத்திருக்கிற பாட்டை இதில் எப்படிக் காப்பி பண்ணுவது?" முடியாது. கேபிளை மாற்றினாலும் முடியாது, கணினியை மாற்றினாலும் முடியாது.

ஆப்பில் இருக்கும் அந்தப் பச்சை அம்புக்குறிக்கு டவுன்லோட் என்று பெயர் வைத்ததே தப்பு என்பேன். போனில் வந்து இறங்குவது பூட்டிய துண்டுகள். திறக்கும் சாவி ஆப்பின் கையில், அந்த ஆப்பின் குடுமி சர்வரின் கையில். 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் ஸ்பாட்டிஃபை அந்தப் பாட்டுகளை நிறுத்திவிடும். ஆப்பிள் மியூசிக்கும் இதே கதைதான். அங்கே ஃபேர்ப்ளே என்ற ஆப்பிளின் பூட்டு. ஆப்பிள் மியூசிக் பாட்டை ஐபாட் கிளாசிக், நேனோ, ஷஃபிள் மூன்றிலும் ஏற்ற ஆப்பிளே விடுவதில்லை. மியூசிக் ஆப் ஓடுகிற ஐபாட் டச் மட்டும் விதிவிலக்கு. ஐபாட் ஆப்பிளுடையது, ஆப்பிள் மியூசிக்கும் ஆப்பிளுடையது, ஆனாலும் ஒன்று மற்றொன்றில் ஏறாது.

இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2005-லேயே நாப்ஸ்டர் டு கோ, ராப்சடி டு கோ என்று மாதச் சந்தாப் பாட்டை எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் பூட்டு, பிளேயருக்குள்ளேயே ஒரு கடிகாரம், மாதம் ஒரு முறை கணினியில் செருகினால் உரிமம் புதுப்பிக்கப்படும். வேலை செய்தது. போன் வந்ததும் அந்த ஏற்பாட்டைக் கைகழுவிவிட்டார்கள். 2011-ல் ஸ்பாட்டிஃபையே ஐபாடில் பாட்டு ஏற்றும் வசதியைக் கொண்டுவந்தது. அதுவும் விலை கொடுத்து வாங்கிய எம்பி3-க்கும் கணினியில் ஏற்கெனவே இருந்த கோப்புக்கும் மட்டும்தான், சந்தாப் பாட்டுக்கு இல்லை.

அப்படியானால் "கன்வெர்ட்டர்" என்று விற்கிறார்களே, அது என்ன? மூன்று வகை. முதல் வகை பூட்டை உடைக்கிறது. பல நாடுகளில் சட்டப்படி குற்றம், எந்தச் சேவையின் விதிமுறையும் இதற்கு இடம் தராது. இரண்டாவது வகை, கணினியில் ஓடும் ஒலியை அப்படியே பதிவு செய்கிறது. இதற்கும் விதிமுறை இடம் தராது. அது போக, ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். 300 பாட்டு என்றால் 25 மணி நேரம். நடுவில் ஒரு மெயில் வந்து "டிங்" என்றால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பதிவாகும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை மறுபடி சுருக்குவதால் தரமும் ஒரு படி இறங்கும். மூன்றாவது வகைதான் வேடிக்கை. உங்கள் பட்டியலில் இருக்கும் பாட்டின் பெயரை எடுத்து யூடியூபில் தேடி, முதலில் வந்ததை இறக்கி, "320 கிலோபிட்" என்று உயர்தர ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும். மேடைக் கச்சேரிப் பதிவு வரலாம், வேறொருவர் பாடிய கவர் வரலாம், முன்னால் பத்து விநாடி லோகோ இசையோடும் வரலாம்.

இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கக் காது தேவையில்லை, கண் போதும். ஸ்பெக் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை அதில் இழுத்துப் போட்டால் ஒலியின் அலைவரிசைப் படம் விரியும். உண்மையான 320 கிலோபிட் எம்பி3-யில் நிறம் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறியிருக்கும். 128 கிலோபிட்டிலிருந்து ஊதிப் பெருக்கியது என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல் நின்றுவிடும், அதற்கு மேலே வெறும் கறுப்பு. பழைய ஒலிப்பதிவுகளில் மேல் பகுதி இயல்பாகவே மங்கி மறையும். அது வேறு. நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தால்தான் சந்தேகம்.

ஆகவே சேவையிலிருந்து வெளியே எடுக்கக்கூடியது பட்டியல் மட்டுமே, அதை ஒழுங்காக எடுங்கள். ஸ்பாட்டிஃபை பட்டியலை எக்ஸ்போர்ட்டிஃபை, ட்யூன்மைமியூசிக் போன்ற தளங்கள் அட்டவணைக் கோப்பாகத் தரும். ஆப்பிள் பக்கம் கணினியில் ஃபைல் மெனுவில் லைப்ரரி, அதற்குள் எக்ஸ்போர்ட் பிளேலிஸ்ட். அட்டவணையில் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு வந்தால் அந்தப் பத்தியை அழித்துவிடாதீர்கள். அது பாட்டுக்கான எண் இல்லை, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான எண். ஒரே பாட்டை ஒரே பாடகர் இரண்டு முறை பாடியிருந்தால் எது உங்களுடையது என்று அதுதான் சொல்லும்.

பட்டியலைத் திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் இருக்கும். பயப்பட வேண்டாம். அதில் பாதி, அல்காரிதம் தள்ளிவிட்டதும் ஒரு முறை கேட்டு மறந்ததும்தான். திரும்பத் திரும்பக் கேட்பவற்றை மட்டும் பொறுக்கினால் சில நூறில் நிற்கும். அதைத்தான் வாங்க வேண்டும். ஐட்யூன்ஸ் ஸ்டோரில் வாங்கும் பாட்டில் 2009 முதல் பூட்டு இல்லை. 256 கிலோபிட் ஏஏசி வடிவம், எந்த ஐபாடிலும் ஓடும். பேண்ட்கேம்ப் தளம் எம்பி3, இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக், ஆப்பிள் லாஸ்லெஸ் என்று கேட்ட வடிவத்தில் தரும். கோபஸ் தளம் ஃப்ளாக் விற்கிறது. அமேசானில் விலைக்கு வாங்கும் எம்பி3-க்கும் பூட்டு கிடையாது. அதே அமேசானின் சந்தாவில் இறக்குவதற்கு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் சிடி இருந்தால் அதைவிட நல்ல மூலம் வேறில்லை. அதிலிருந்து பாட்டைக் கோப்பாக எடுக்க விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. இரண்டுமே உங்கள் சிடியைப் படித்த முடிவை மற்றவர்கள் படித்ததோடு ஒப்பிட்டு, கீறலால் பிழை வந்திருந்தால் காட்டிக்கொடுக்கும்.

ஐட்யூன்ஸ் நூலகத்தில் வாங்கியதும் சந்தாவும் கலந்து கிடந்தால், பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து "கைண்ட்", "கிளவுட் ஸ்டேட்டஸ்" என்ற இரண்டு பத்திகளையும் சேருங்கள். எது ஏறும், எது ஏறாது என்பது ஒரே பார்வையில் பிரிந்துவிடும்.

இனி வடிவம். ஐபாடின் சொந்த மென்பொருள் எம்பி3, ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வேவ், ஏஐஎஃப்எஃப் படிக்கும். ஃப்ளாக், ஆக் இரண்டும் அதற்குத் தெரியாது. ஃப்ளாக்கை ஆப்பிள் லாஸ்லெஸ்ஸாக மாற்றினால் ஒரு துளியும் இழப்பில்லை. ஃபூபார்2000, எஃப்ஆர்இஏசி, எக்ஸ்எல்டி எதில் வேண்டுமானாலும் செய்யலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு வாங்கியிருந்தால் 16 பிட், 44.1-க்கு இறக்கித்தான் ஏற்ற வேண்டும். ஐபாடின் எல்லை 48 கிலோஹெர்ட்ஸ். மீறினால் பாட்டு ஏறவே ஏறாது, ஏறினாலும் தாண்டிக் குதித்து அடுத்ததற்குப் போய்விடும்.

செய்யக்கூடாதது ஒன்று: ஏஏசியை எம்பி3-யாக மாற்றுவது. இரண்டுமே ஒலியில் கொஞ்சத்தை வெட்டிச் சுருக்கும் இழப்புள்ள வடிவங்கள். மாற்றும்போது ஒன்றின் குறை மேல் மற்றொன்றின் குறை ஏறும். பிளேயர் ஏஏசி படிக்காது என்றால் அந்தப் பாட்டை மட்டும் இழப்பில்லாத மூலத்திலிருந்து புதிதாகச் செய்யுங்கள்.

இடக் கணக்கு எளிது. 320 கிலோபிட்டில் நிமிடத்துக்கு 2.4 எம்பி, 256-ல் 1.92, 192-ல் 1.44. சிடி தர ஃப்ளாக் நிமிடத்துக்கு 5 முதல் 7 எம்பி. 8 ஜிபி பிளேயரில் ஐந்து நிமிடப் பாட்டு 256-ல் 800 சொச்சம் ஏறும், 192-ல் 1,100. எம்பி3 செய்வதென்றால் லேம் என்கோடரில் வி2 என்ற தர அமைப்பு போதும், சராசரி 190 கிலோபிட் வரும். பஸ் இரைச்சலில் சாதா இயர்போனில் கேட்பதற்கு லாஸ்லெஸ்தான் வேண்டும் என்பவர்களோடு சண்டைக்குப் போக விருப்பமில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய ஐபாடில் பெரிய கோப்பு என்றால் டிஸ்க் அடிக்கடி சுழலும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அதிக நேரத்தைத் தின்பது டேக், அதாவது பாட்டுக் கோப்புக்குள் எழுதிவைக்கும் பெயர், பாடகர், ஆல்பம் விவரம். ஸ்ட்ரீமிங்கில் யாரோ ஒழுங்குபடுத்தித் தந்ததை இங்கே நீங்களே செய்ய வேண்டும். ஒரே இசையமைப்பாளர் பெயர் நாலு ஆல்பத்தில் நாலு ஸ்பெல்லிங்கில் இருந்தால் பிளேயரில் அவர் நாலு ஆள். திரைப்பட ஆல்பத்தில் ஆறு பாட்டுக்கு ஒன்பது பாடகர்கள் இருப்பார்கள்; "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" புலத்தை மதிக்காத பழைய பிளேயரில் அந்த ஆல்பம் துண்டு துண்டாகச் சிதறும். அங்கே ஆர்ட்டிஸ்ட் புலத்திலேயே இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுவதுதான் வழி. பாடகர் பெயரைப் பாட்டின் தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குறியில் வைக்கலாம். எம்பி3டேக் மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் மாற்றலாம். சேமிக்கும்போது டேக் வடிவமான ஐடி3-யின் பதிப்பு 2.3, எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-16 என்று அமைத்துக்கொள்ளுங்கள். 2.4 பதிப்பை வாசிக்கத் தெரியாத பழைய பிளேயர்கள் நிறைய. அவற்றில் எல்லாப் பாட்டும் "அன்னோன் ஆர்ட்டிஸ்ட்" ஆகிவிடும்.

தமிழில் டேக் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வரிசையாகக் கட்டம்தான். எழுத்துரு இருந்தாலும் போதாது. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது திரையில் எழுத்து வரையும் மென்பொருளின் வேலை. அந்த அறிவு இல்லாத பிளேயரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், "கொ" மூன்று துண்டாகக் கிடக்கும். ஒரே ஒரு பாட்டை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆல்பம் படம் 500க்கு 500 பிக்சல், சாதாரண ஜேபெக். "புரொகிரஸிவ்" வகை ஜேபெக் பல பிளேயர்களில் தெரியாது.

ஒலி அளவும் தொந்தரவு தரும். ஸ்ட்ரீமிங் ஆப் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து போடுகிறது. பிளேயரில் ஒரு பாட்டு முணுமுணுக்கும், அடுத்தது காதைக் கிழிக்கும். ஐபாடுக்கு ஐட்யூன்ஸில் சவுண்ட் செக். மற்ற பிளேயர்களுக்கு எம்பி3கெய்ன், இயல்பான இலக்கு 89 டெசிபெல். அது கோப்பை மறுபடி சுருக்காது, ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் ஒலியளவு எண்ணை 1.5 டெசிபெல் படிகளில் மாற்றும், அவ்வளவுதான். அதனால் தரம் கெடாது.

ஐபாடில் ஏற்றும்போது பலரும் செய்யும் தவறு, டிஸ்க் போலத் திறந்து பாட்டை உள்ளே இழுத்துப் போடுவது. கோப்பு போய் உட்காரும், பாட்டு பட்டியலில் வராது. ஐபாட் தன் பாட்டுகளை ஒளித்துவைத்த ஃபோல்டருக்குள் எஃப்00, எஃப்01 என்று பிரித்து, நான்கெழுத்துக் கிறுக்குப் பெயரில் வைத்துக்கொண்டு, தனியாக ஒரு அட்டவணைக் கோப்பைப் பார்த்துத்தான் பாடுகிறது. அந்த அட்டவணையை எழுத விண்டோஸில் ஐட்யூன்ஸ் வேண்டும்; மேக்கில் 2019-ன் கேட்டலினா முதல் ஃபைண்டர். புதிய கணினியில் செருகியதும் "இரேஸ் அண்ட் சிங்க்" என்று கேட்டால் கை வைக்காதீர்கள், ஐபாடில் இருக்கும் பழைய பாட்டு மொத்தமும் போய்விடும். மேக்கில் ஃபார்மேட் செய்த ஐபாடை விண்டோஸ் படிக்காது, மறுபடி ரீஸ்டோர் செய்யச் சொல்லும். இந்த வம்பே வேண்டாம் என்றால் ராக்பாக்ஸ் என்ற திறமூல மென்பொருளை ஏற்றுங்கள். ஃப்ளாக், ஆக், ஓபஸ் எல்லாம் ஓடும், இழுத்துப் போட்டாலே போதும். ஐபாட் கிளாசிக், சான்சா கிளிப் பிளஸ் இரண்டுக்கும் உண்டு. திரை அழகு கொஞ்சம் கரடுமுரடு.

சான்சா வகையில் செட்டிங்ஸில் யூஎஸ்பி மோடை எம்எஸ்சி என்று மாற்றினால் பென் டிரைவ் போலத் தெரியும். மேக்குக்கு இது கட்டாயம், அதற்கு எம்டிபி என்ற மற்ற மோடு தானாகப் புரியாது. விண்டோஸின் "என்" பதிப்பிலும் மீடியா ஃபீச்சர் பேக் போடாமல் எம்டிபி வராது. மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் என்றால் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்கும், பழைய பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது, ஃபேட்32-க்கு மாற்றுங்கள். ஏற்றிய பிறகு "ரிஃப்ரெஷிங் மீடியா" என்று பாதியில் உறைந்து நின்றால், டேக் கெட்டுப்போன ஒரு கோப்பில் சிக்கியிருக்கலாம். ஐம்பது ஐம்பதாக ஏற்றினால் எந்தக் கட்டில் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

பாட்டுகள் வரிசை மாறி ஓடினால், பெயரைப் பார்க்காமல் காப்பியான வரிசையில் பாடும் மலிவு பிளேயராக இருக்கும். ஃபேட்சார்ட் என்ற மென்பொருள் அதைச் சரிசெய்யும். மேக்கிலிருந்து காப்பி செய்தவர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை தெரிந்து, அதில் ஒன்று பாடாமல் தாண்டினால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து 4 கேபி அளவில் மேக் விட்டுச்சென்ற நிழல் கோப்புகள் அவை. டெர்மினலில் dot_clean -m கட்டளையைக் கார்டின் மேல் ஓட்டினால் ஒழியும். அதை முடித்து, முறைப்படி எஜெக்ட் கொடுத்த பிறகுதான் கேபிளைப் பிடுங்க வேண்டும்.