வண்டியில் உறங்கியது குற்றமில்லை

இரண்டு வாரமாக அந்தப் படம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக் கரையில் எங்கள் ஆம்னி வேனின் பின்கதவு திறந்திருக்க, என் தம்பி குத்தவைத்து உட்கார்ந்து ஒரு சட்டியைக் கழுவுகிற படம். அலைச்சறுக்கு (சர்ஃபிங்) ஆடக் கடலோரமாகப் போன அக்காளும் தம்பியும் அறை எடுக்காமல் வண்டியிலேயே உறங்கினோம் என்பதற்காக, எங்களைப் பிச்சைக்காரர்கள்போலக் கேலி செய்தும் குறை சொல்லியும் அதன் கீழே பலரும் எழுதினார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று உறவினர் ஒருவர் அதை அம்மாவின் கைபேசிக்கே அனுப்பி, "பிள்ளைங்களுக்கு ஒரு ரூம் போடக்கூட வசதி இல்லையா?" என்று கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆம், வசதி இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் புறப்பட்டு, மாமல்லபுரம், மணப்பாடு, கேரளத்துக் கோவளம், வர்க்கலை என்று கர்நாடகத்து முல்கி வரை போய்த் திரும்பப் பதினாறு நாளாயிற்று. பெட்ரோலுக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய்; சாப்பாடு, சுங்கம், மற்றதெல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். இரவொன்றுக்கு 1,500 ரூபாய் என்று அறை எடுத்திருந்தால் அதற்கு மட்டும் 22,500 ரூபாய் ஆகியிருக்கும். அந்தப் பணம் எங்களிடம் இல்லாததால் பயணமே நடந்திருக்காது. ஆகவே வண்டியில் உறங்கினோம். வண்டியில் உறங்கியது குற்றமில்லை. பதினோரு ஆண்டுப் பழைய ஆம்னி அது. பின்னிருக்கையை மடித்து, மேலே ஒட்டுப்பலகை போட்டு, இலவம்பஞ்சு மெத்தை விரித்திருந்தோம். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது தெரிந்தே, அதன் உடலில் ஒரு துளைகூடப் போடவில்லை. கூரையில் எட்டடி ஃபோம் அலைச்சறுக்குப் பலகை இரண்டு, பழைய டயர் டியூப்பைக் கிழித்துக் கட்டியவை.

பஸ்ஸில் போகலாமே என்றார் ஒருவர். எட்டடிப் பலகையோடு எந்த நடத்துநர் ஏற்றிக்கொள்வார்?

காசு மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலை விடியற்காலையில்தான் நன்றாக இருக்கும். இரவெல்லாம் குளிர்ந்த தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடற்காற்று திரும்பிவிட்டால் அதே அலை நுரையாக நொறுங்கிப்போகும். கதவைத் திறந்ததும் கடல் தெரிகிற இடத்தில் படுத்திருந்தால்தான் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கும். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்றின் முனையைச் சுற்றி அலை வளைந்து வந்து நெடுந்தூரம் ஓடுவதை விடியலில் பார்த்தவர்கள், அறை எடுக்காததை ஒரு குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

அலைச்சறுக்கு பணக்காரர் விளையாட்டு, காசில்லாதவர்களுக்கு அது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். கோவளத்தில் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த ரமேஷ் புதிஹால், கேரளத்துக் கோவளம் கடற்கரையில் கைவினைப் பொருள் விற்றுப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. இந்த நாட்டில் இந்த விளையாட்டை வளர்த்தவர்களில் இவர்களும் உண்டு. கட்டுமரத்தில் அலையேறிக் கரை சேர்வதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கரையில் நின்றுகொண்டு, இது யாருக்கு உரியது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கரையை அசுத்தம் செய்கிறோம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. படத்தை இன்னொரு முறை பாருங்கள்: கேன் தண்ணீர், கழுவுநீரைப் பிடிக்க ஒரு வாளி, கதவில் தொங்கும் குப்பைப் பை. காலைக்கடனுக்குப் பெட்ரோல் நிலையக் கழிவறைகளுக்குத்தான் போனோம். அதற்காகவே நாள்தோறும் சில கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினோம். அன்று படம் எடுத்தவரின் காரிலிருந்து விழுந்த சிப்ஸ் உறைகளைப் பொறுக்கியதும் என் தம்பிதான். அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை.

ஆபத்தை விலைக்கு வாங்குகிறோம் என்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலை கொண்டுபோனதை மறக்க முடியுமா? தெற்கே எங்கோ இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று எழும்பும். அதனால்தான் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கையை இரவும் காலையும் பார்த்தோம். வர்க்கலையில் இரண்டு நாள் தண்ணீரில் கால் வைக்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

மீனவர்களுக்கு இடைஞ்சல் என்றவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஓர் ஊரில் இருட்டில் வந்து, வள்ளம் இழுக்கும் தடத்தின் குறுக்கே தெரியாமல் நிறுத்திவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்குப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "வண்டிய கொஞ்சம் நவுத்துமா, வள்ளம் இறக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்டு நகர்த்தினோம். அதன்பிறகு எங்கும் கேட்காமல் நிறுத்தியதில்லை. எங்கள் பிழையைச் சுட்டிக்காட்டும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் அதைப் படம் பிடித்துச் செய்யவில்லை.

ஆனால் பெண்பிள்ளை நடுத்தெருவில் படுத்துக்கிடக்கலாமா என்று எழுதியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? என்னோடு இருந்தவன் என் உடன்பிறந்த தம்பி என்று அங்கே விளக்க வேண்டியிருந்ததே, அதுதான் இந்த இரண்டு வாரத்தில் என்னை மிகவும் வதைத்தது. பதினாறு நாளில் என்னை ஒரே ஒருமுறைதான் இரவில் விரட்டினார்கள். விரட்டியவர் ஒரு விடுதியின் காவலாளி. விடுதிக்கு வெளியே, பொதுச்சாலை ஓரத்தில், இரவு ஒரு மணிக்கு டார்ச்சை முகத்தில் அடித்து, தங்கியிருப்பவர்களுக்குப் பார்வை கெடுகிறது என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அனுப்பியவர்கள் உள்ளே இருந்தார்கள். கடலைப் பார்க்கக் கட்டணம் கட்டியவர்களின் கண்ணில் நாங்கள் படக் கூடாது என்றால், அந்தக் கடல் எப்போது அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது? காசு குறைவாக உள்ளவர்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலை சுண்டல் தின்றுவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பிவிட வேண்டும், விடியலைப் பார்க்க வாடகை கட்ட வேண்டும் என்று யார் விதித்தார்கள்? வண்டியில் உறங்கியது குற்றமில்லை என்று இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

கடைசியாக அந்தச் சட்டி. பிச்சைச் சட்டி என்று எழுதிச் சிரித்தார்களே, அது எங்களுடையதே அல்ல. முந்தின இரவு, தெருமுனை வீட்டு அம்மா ஒருவர் வண்டி அருகே வந்து, "உள்ள புழுங்கிப் போவீயளே, நம்ம வீட்டு முற்றத்துல வந்து படுங்க" என்று கூப்பிட்டார். பலகையை விட்டுவிட்டு வர முடியாது என்றோம். அரைமணி நேரத்தில் அந்தச் சட்டி நிறையச் சாளை மீன் குழம்போடு திரும்பி வந்தார். காலையில் தம்பி கழுவிக்கொண்டிருந்தது அதைத்தான். வெறும் சட்டியாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின நாள் உடன்குடியில் அம்மாவுக்கென்று வாங்கியிருந்த கருப்பட்டியில் பாதியை அதில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கன்னியாகுமரிப் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.