போர்ஷன்ல இல்லாத கேள்வி

"நல்லாப் படிக்கிற பிள்ளை, எந்த ஸ்கூல்ல போட்டாலும் படிச்சிடும்." மகளைப் பள்ளி மாற்றியதிலிருந்து இதைக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

நாங்கள் சென்னை மடிப்பாக்கம். ரேடியல் ரோட்டில் போகும்போதெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பூநாரை எண்ணுகிற பிள்ளை அவள். போன வருஷம் ஆறாம் வகுப்புக்கு, ஆறாவதிலிருந்தே ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு ஃபவுண்டேஷன் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெரிய பள்ளியில் சேர்த்தோம். காலை ஆறே முக்காலுக்கு வேன், வாரத்துக்கு இரண்டு டெஸ்ட். ஒருநாள் சத்துணவுப் பாடம் நடக்கும்போது எழுந்து, கேரட்டுக்கு நிறம் தருகிற பொருளும் பூநாரைக்கு நிறம் தருகிற பொருளும் ஒன்றா என்று கேட்டிருக்கிறாள். "அது போர்ஷன்ல இல்ல, உட்காரு." அவ்வளவுதான் பதில். இரண்டுமே கரோட்டினாய்டு என்கிற நிறமி வகைதான். பாசியிலும் சின்ன இறால்களிலும் இருப்பது பறவையின் இறகுக்குப் போகிறது. அன்று ராத்திரி நானும் அவளும் தேடிப் படித்தோம். ஆனால் வகுப்பில் அவள் மறுபடி கை தூக்கவில்லை. தீபாவளிக்குள் அவளிடம் மிச்சமிருந்தது ஒரே கேள்வி: "அப்பா, இது டெஸ்ட்டுக்கு வருமா?" மார்க் மட்டும் குறையவே இல்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு தாமதமாக உறைத்தது.

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறிப்பிட்ட தேதிக்குள் பாடத்தை முடிக்காவிட்டால் அவரைத்தான் நிற்கவைத்துக் கேட்பார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் நம் ஊரில் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்; 2025-26இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாநில முதலிடம் அறிவிப்பதையும் 2017இல்தான் நிறுத்தினார்கள். ஆனாலும் பள்ளி வாசல் ஃபிளெக்ஸில் மார்க்கோடு பிள்ளைகள் படம் தொங்கத்தான் செய்கிறது, நாமும் அதைப் பார்த்துத்தான் வரிசையில் நிற்கிறோம்.

இந்த ஜூனில் நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன பள்ளிக்கு மாற்றினோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கணக்கு அவளுக்கு ரொம்ப சுலபமாக இருந்தது, முதல் மாதம் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுவும் ஆபத்துதான், கஷ்டப்படாமலே நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகிய பிள்ளை பின்னால் ஒரு கடினமான கணக்கு வந்ததும் அரண்டுபோகும். கணக்கு மிஸ் அதைக் கவனித்து எட்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "தெரியலைன்னா வா, சேர்ந்து போடலாம்" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மிஸ்ஸுக்குக் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

அட்மிஷனுக்கு அலைகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிசல்ட் போர்டை அப்புறம் பார்க்கலாம். லைப்ரரி பீரியட் நிஜமாகவே நடக்கிறதா, அலமாரி பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அங்கே படிக்கிற ஒரு பிள்ளையிடம், கடைசியாக வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய் என்று விசாரியுங்கள்.