2029ல் உலகம் அழியுமாம்!

"தம்பி, அஞ்சு வருஷ எஃப்.டி. போடலாமா வேண்டாமா? 2029லயே எல்லாம் முடிஞ்சிரும்னு சொல்றாங்களே" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. போனை நீட்டினார். எரிகிற பூமி, அதை நோக்கி ஒரு சிவப்பு அம்பு, "நாசாவே ஒப்புக்கொண்டது" என்று மஞ்சள் எழுத்து, பின்னணியில் உடுக்கைச் சத்தம். ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, அபோபிஸ்.

வட்டியைக் குறைக்கிறதுக்குள்ள போடுங்கக்கா என்றேன்.

சிக்கல் என்னவென்றால் அந்த வீடியோவில் பாதி உண்மை. அபோபிஸ் என்று ஒரு சிறுகோள் இருக்கிறது. ஏறத்தாழ 350 மீட்டர் பாறை. அந்தத் தேதியில் அது பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து போகும். நம் மொட்டைமாடி டிஷ் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இந்தப் பாறை அதைவிடக் கிட்டே வரும். நம் கடிகாரத்தில் அப்போது ஏப்ரல் 14 விடிகாலை மூன்றே கால், சித்திரை ஒன்று. (ஜோசிய சேனல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?) ஆனால் மோதாது. 2021 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடாரை வைத்து அளந்து பார்த்து, அடுத்த நூறு வருஷத்துக்கு ஆபத்தில்லை என்று, மோதக்கூடிய சிறுகோள்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பாறை முதன்முதலில் செய்தியான வாரம் எது தெரியுமா? 2004 டிசம்பர் கடைசி வாரம்.

அந்த ஜூனில் கண்டுபிடித்து, இரண்டு நாள் பார்த்து, பிறகு தவறவிட்டு, டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடி பிடித்தார்கள். பாதையைக் கணக்கிட்டால் 2029ல் மோதும் வாய்ப்பு 300ல் ஒன்று என்று வந்தது. அளக்க அளக்க ஏறியது. டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதம், அதாவது 37ல் ஒன்று. மோதல் ஆபத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணால் சொல்கிற டொரினோ அளவுகோலில், எந்தச் சிறுகோளுக்கும் அதுவரை தராத 4ஆம் எண்ணைத் தந்தார்கள். அன்றே யாரோ பழைய படங்களைத் துழாவி, மார்ச் மாதம் எடுத்த ஒரு படத்தில் இதே பாறை மங்கலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029 மோதல் இல்லை என்று ஆகிவிட்டது.

இங்கேதான் பலர் கிண்டல் செய்வார்கள். "இன்னைக்கு 3 சதவீதம்பான், நாளைக்கு ஜீரோம்பான், இவனுகளுக்கே தெரியல." 2025 பிப்ரவரியிலும் இதே பேச்சு. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளுக்கு 2032ல் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாளிலேயே ஒன்றுமில்லாமல் போனது. ஏறி இறங்குவது குழப்பமில்லை, கணக்கே அப்படித்தான். திருடன் இருபது தெருவில் ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கிறான், நம் தெருவும் அதில் ஒன்று என்று வையுங்கள். தேடல் ஐந்து தெருவாகச் சுருங்கி, நம் தெரு இன்னும் அந்த ஐந்துக்குள்ளேயே இருந்தால் நமக்கான வாய்ப்பு நாலு மடங்கு கூடும். அடுத்த சுற்றில் வேறு தெரு என்று தெரிந்ததும் சட்டென்று பூஜ்யம். சந்தேகத்தின் அளவை எண்ணாகப் போட்டு, புதுத் தகவல் வந்ததும் எல்லோரும் பார்க்கத் திருத்துகிறார்கள். எந்த ஜோசியராவது "என் கணிப்பு தப்புவதற்கு வாய்ப்பு இவ்வளவு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, அந்த வாரத்துக்கு வருவோம். வானியலாளர்கள் 2029க்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே, டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா பக்கம் கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள், அதில் முக்கால்வாசி நாகப்பட்டினம் மாவட்டம். எந்தப் பஞ்சாங்கமும், எந்த நாடி ஜோசியமும் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவில்லை. நடந்த பிறகு "அப்பவே சொன்னோம்" என்று வந்தவர்கள் நிறைய.

நாலே நாளில் அடுத்த கூத்து. டிசம்பர் 30. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம், இன்னொரு பெரிய நிலநடுக்கம் வரப்போவதைத் தங்களால் கணிக்க முடிந்ததாகத் தகவல் அனுப்பியது. அதை நம்பி மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுனாமி எச்சரிக்கை அனுப்பிவிட்டது. உடல்களை இன்னும் மீட்டுக்கொண்டிருந்த கரையோரத்தில் மறுபடி ஓட்டம். நிவாரண வேலை நின்றது. அன்றே அப்போதைய அறிவியல் அமைச்சர் கபில் சிபல், இது அறிவியல் அடிப்படையே இல்லாத கணிப்பு என்று ஒதுக்கித் தள்ளினார். நிலநடுக்கத்துக்கு நாளும் நேரமும் முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை உலகத்தில் யாராலும் முடிந்ததில்லை. இது அமைச்சகத்தில் ஒரு அதிகாரிக்கு அன்று காலையில் தெரிந்திருந்தால் போதும், அத்தனை பேர் ஓடியிருக்க வேண்டாம்.

"நம்புறவன் நம்பிட்டுப் போறான், உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த டிசம்பர் 30ஐத்தான். 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகம் கூடுகிறது, பிரளயம் என்று நாடு முழுக்க யாகம் செய்தார்கள். சூரியன், சந்திரன், கேது உட்பட எட்டு என்பதைக் கவனிக்கவும். மிகக் கிட்டே வரும்போதுகூட வெள்ளி நம் கடலில் உண்டாக்குகிற ஏற்ற இறக்கம், நிலா உண்டாக்குவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாதம் வெள்ளி சூரியனுக்கு அந்தப் பக்கம் வேறு இருந்தது. யாகத்தால் தப்பித்தோம் என்றார்கள். இதில் தோற்கவே முடியாது பாருங்கள். அழிந்தால் சொன்னது பலித்தது, அழியாவிட்டால் பரிகாரம் பலித்தது. அது நெய்ச் செலவோடு போயிற்று. ஆனால் நிஜ எச்சரிக்கையும் பொய் எச்சரிக்கையும் ஒரே போனுக்கு, ஒரே மாதிரி சைரன் படத்தோடு வரும் காலம் இது. பத்துப் பொய்க்கு ஓடிக் களைத்தவர் பதினோராவது நிஜத்துக்கு எழுந்திருக்க மாட்டார்.

2012 ஏப்ரல் 11 மதியம் சென்னை ஆடியது ஞாபகம் இருக்கிறதா? சுமத்ராவில் மறுபடி, 8.6. அலுவலகங்களிலிருந்து எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் இருந்தது. எச்சரிக்கை கொடுத்தது, கடலில் அலையின் உயரத்தை அளந்து பார்த்தது, மாலைக்குள் விலக்கிக்கொண்டது. அன்று கடல்தளம் மேலே எம்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஒரு எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அதற்கு நம் ஆட்கள் தந்த பெயர் "சும்மா பயமுறுத்திட்டானுங்க".

சொன்ன அதே ஆட்கள்தான் எட்டு மாதம் கழித்து, டிசம்பர் 21 அன்று மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் மக்களுடைய காலண்டர் முடிகிறது, அதோடு உலகமும் முடிகிறது என்று ராத்திரி முழுக்க டிவி பார்த்தார்கள். முடிந்தது 5,125 வருஷச் சுற்று ஒன்று, அவ்வளவே. மெக்சிகோவில் பாலெங்கே கல்வெட்டில் அந்த மாயன்களே தங்கள் ராஜா பட்டமேறியதன் ஆண்டுநிறைவு ஒன்றை நம் கணக்கில் 4772ஆம் வருஷத்துக்குக் குறித்து வைத்திருக்கிறார்கள்.