ஆமாம் சார், டாக்டர்தான்

முந்தாநாள் பந்தியில் நடந்ததை இரண்டு வரியில் எழுதிவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மனசு ஆறவில்லை. விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் பத்மா பந்தோபாத்யாய் பற்றிப் பேச்சு வந்தது. "ஏர் மார்ஷலா? அந்தம்மா டாக்டர்தானே, பிளேனா ஓட்டினாங்க?" என்று சிரித்தாரே, அவருக்குத்தான் இது.

ஆமாம் சார், டாக்டர்தான். பத்மா பந்தோபாத்யாய் 1968ல் விமானப்படையில் சேர்ந்தார். 1971 போர்ப் பணிக்காக அவரும், அதே படையில் அதிகாரியாக இருந்த கணவரும் ஒரே விழாவில் சிறந்த சேவைக்கான விசிஷ்ட சேவா பதக்கம் வாங்கினார்கள். முப்படை அதிகாரிகள் மேற்பயிற்சி பெறுகிற, நம்ம நீலகிரி வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் படிப்பை முடித்த முதல் பெண் அதிகாரி. 2004ல் ஏர் மார்ஷல். தரைப்படைக் கணக்கில் லெப்டினன்ட் ஜெனரல். இந்திய விமானப்படையில் அவருக்கு முன் எந்தப் பெண்ணும் அந்த உயரத்துக்குப் போனதில்லை. பிளேன் ஓட்டவில்லை, மன்னிக்கணும்.

போர் விமானம் சடாரென்று திரும்பும்போது பைலட்டின் உடம்பு ஏழெட்டு மடங்கு கனக்கும். தலை ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும், நினைவு தப்பும். இதையெல்லாம் ஆராய்கிற விமான மருத்துவம்தான் அந்தம்மாவின் துறை. எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதினால் தரையில்தான் நிற்கணும். டாக்டர்தானே!

"மெடிக்கலுக்குத் தனிப் பதவி ஏணி, படைத் தளபதி நாற்காலி பைலட்டுக்குத்தான்" என்பீர்கள். சரி, அப்படித்தான். அதனால் தோளில் இருக்கிற பட்டை பொய்யாகிவிடுமா? கணவர் செல்வாக்கு என்று இழுக்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற பொறுமை எனக்கில்லை. 'கொஞ்சம் நிதானமா எழுதலாமே' என்பவர்களுக்கு: இதுதான் என் நிதானம்.

எங்கப்பா விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டர். லீவில் வந்தால் எல்லோரும் கேட்பார்கள், "பிளேன் ஓட்டுவீங்களா?" இல்லை என்றதும் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். சின்ன வயசில் எனக்கே அவமானமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எண்ணுவாராம். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கிறவரை விமானம் கிளம்பாது. ரிட்டயரான பிறகும் வீட்டு மிக்ஸியைப் பிரித்தால் எண்ணிப் பார்த்துத்தான் பெட்டியை மூடுவார்.

முந்தாநாள் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. அந்தச் சிரிப்பு அவர் காதிலும் விழுந்தது. ஒன்றும் பேசவில்லை. மோர் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.