ஒரு ஜோடி கம்மி

1991-இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், எங்கள் அப்பச்சி (அப்பா) வீட்டில் என் கல்யாணம். வளவு (வீட்டு உள்முற்றம்) முழுக்கச் சாமான் பரப்பியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கப்படி, பெண்ணுக்குக் கொடுக்கிற வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைப்போம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் எண்ணுவது.

என் அயித்தை ஒருவர் குத்துவிளக்கு வரிசைக்கு முன்னால் நின்று விரலை மடக்கி எண்ணினார். "ஒரு ஜோடி கம்மியாவுல்ல இருக்கு" என்றார். மாலையும் கழுத்துமாக நின்ற நான் என் ஆத்தா முகத்தைத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த அயித்தை எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், பலகாரத் தட்டில் ஒரு தேன்குழல் கூடுதலாகவே வைப்பேன். எதையும் கம்மி என்று சொல்லிவிடக் கூடாதே.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேல்வீட்டு அறையைத் திறந்தால் என்னுடைய சாமான் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டு விலாசம் (இனிஷியல்) வெட்டிய வாளிகளும் தூக்குகளும் 1991-ஆம் வருடத்துச் செய்தித்தாளில் சுற்றியபடி. ஒன்றில் தண்ணீர்கூடப் பட்டதில்லை. "இதெல்லாம் யாருக்கும்மா வாங்கினது?" என்றாள் மகள். எனக்குப் பதில் வரவில்லை.

நம் முன்னோர் பகட்டுக்காரர்கள், அவ்வளவுதான் என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு ஊர்ப் பேச்சுதான் முதல். ஒருவர் எழுதிய உண்டியலை (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) இன்னொருவர் நம்பிப் பணம் கொடுத்தது பேரை வைத்துத்தான். "அந்த வீட்டில் ஆட்டம் கண்டுவிட்டது" என்று ஒரு பேச்சு கிளம்பினால், போட்டவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலி சலவைக்கல்லும் அந்தப் பேருக்குக் காவல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு அன்றைக்கு வட்டி கணக்குப் போடலாம்.

1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தான். உயிர் பிழைத்தால் போதும் என்று கால்நடையாகத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 1948-இல் பர்மாவில் நம்மவர்கள் வைத்திருந்த நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. தொழில் போயிற்று, பயம் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு பேங்கில் கடன் கேட்டால் சிபில் ஸ்கோர் பார்க்கிறான். குத்துவிளக்கு எத்தனை ஜோடி என்று எந்த மேனேஜரும் கேட்பதில்லை.

சரி, அயித்தைக்கு வருகிறேன். பத்திரிகை வைக்கப் போனேன். இப்போது 84 வயது. சாமான் பரப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, வாய் சும்மா இராமல் அந்தப் பழைய கதையையும் கேட்டுவிட்டேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அப்ப, அடுத்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம்த்தா. உங்க ஆத்தா வச்சதுக்குக் கம்மியா நான் வச்சா நாலு பேரு என்ன சொல்லுவாகன்னு வயித்தக் கலக்குச்சு. எண்ணிப் பாத்தேன். நான் வாங்கி வச்சிருந்ததுல ஒரு ஜோடி கம்மி. அதத்தான் சொன்னேன்."

நான் பயந்த நாலு பேரில் ஒருவர், என் ஆத்தாவுக்குப் பயந்துகொண்டு நின்றிருக்கிறார். அந்தத் தேன்குழல் கணக்கை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மகள் கல்யாணம் காரைக்குடியில், ஒரு ஜோடி விளக்கோடு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆச்சிமார் மூன்று பேர் "சாமான் எங்க பரப்பிருக்கு?" என்று கேட்டார்கள். பரப்பவில்லை என்றேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போன மாதம் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். வளவு நிறையச் சாமான். நான் பாட்டுக்கு விளக்கு வரிசை முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். ஒன்பதாவது ஜோடியில் மகள் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள்.